குறுகிய மலைப்பாதைகளும் ஆர்வலர் உலாக்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலத்து மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இடப்பெற்ற குறுகிய இருப்புப்பாதைகள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அவை மறைந்து கொண்டிருந்த காலத்திலேயே, அவற்றைக் காண்பதற்கென்றே பொருள் செலவிட்டுச் சிறப்பு வண்டிகளை அமர்த்திக்கொண்டு ஒரு கூட்டத்தார் மலையேறினர். ஊர் சேர்வது அவர்தம் நோக்கமன்று, வாணிகமும் அன்று. வண்டியையே காணச் சென்றவர் அவர். இப்பயணங்கள் எவ்வாறு தோன்றின, எங்ஙனம் நடைபெற்றன, அவற்றால் விளைந்த பயன் யாது, அவை விட்டுச் சென்ற சான்றுகளை எவ்வாறு கொள்ளுதல் வேண்டும் என்னும் நான்கினையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். நான்காவதே நம் தலையாய நோக்கம். மறையும் ஒன்றைக் காக்க முனைந்தோர் தொகுத்த சான்றினை எடைபோடுதல் சுவடி ஆராய்வோர் அனைவர்க்கும் பழகிய தொழிலாதலின், அயல்நாட்டுச் செய்தியேயாயினும் இது நமக்குப் புறம்பானதன்று.

1. சொல்லும் பொருளும்

தண்டவாளங்கள் இரண்டின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தொலைவே பாதையின் அகலம் எனப்படும். உலகின் பெரும்பகுதியில் பொது அளவாகக் கொள்ளப்படுவது 4 அடி 8½ அங்குலம். அதனினும் குறைந்தவற்றைக் குறுகிய பாதை என்பர். கொலராடோவில் பெரும்பாலும் வழங்கிய குறுகிய அளவு 3 அடி. இந்திய வழக்கு இதனின் வேறு. இங்கு மீட்டர் பாதை தனி வகையாக எண்ணப்படும். 2 அடி 6 அங்குலமும் 2 அடியுமே குறுகிய பாதை எனப் பெயர் பெறும். ஆகவே, டார்ஜிலிங் மலைப்பாதை குறுகிய பாதையாதலும், நம் நீலகிரி மலைப்பாதை மீட்டர் பாதையாதலும் அறிந்து கொள்ளத்தக்கன. மலைப்பாதை யாவும் குறுகிய பாதை அல்ல. குறுகிய பாதை யாவும் மலைப்பாதையும் அல்ல.

இருப்புப்பாதையின்பால் ஈடுபாடு கொண்டு, அதனை அறிதலையும் பதிவு செய்தலையும் தம் ஓய்வுக்காலப் பணியாகக் கொண்டவரை ஈண்டு 'ஆர்வலர்' என்போம். அவர்தம் சிறப்புப் பயணத்திற்கு 'உலா' என்னும் சொல்லை ஆள்கின்றோம். உலா என்னும் சிற்றிலக்கியத்தில் வீதியிற் போதருவோன் ஒருவன். நின்று காண்போர் பலர். இப்பயணங்களிலும் பயணிகள் இடையிடையே இறங்கி நிற்க, வண்டி அவர்முன் உலாப் போந்தது. ஆதலின் இச்சொல் பெரிதும் பொருந்துகின்றது.

2. குறுகிய பாதை தோன்றிய காரணம்

டென்வர் ரியோ கிராண்டு இருப்புப்பாதைக் குழுமத்தை 1870ஆம் ஆண்டில் நிறுவியவர் வில்லியம் ஜாக்சன் பாமர். அவ்வாண்டில் அவர் பிரிட்டனுக்குச் சென்றிருந்தார். வேல்சு நாட்டுப் பெஸ்டினியாக் பாதையில், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் நீராவி வண்டிகள் செம்மையாக இயங்குதல் அக்காலப் பொறியாளர் பலரின் கருத்தை ஈர்த்திருந்தது. பாமர் தம் பாதைக்கு மூன்றடியைத் தேர்ந்தார். குறுகிய பாதை கூர்மையான வளைவுகளிலும் செல்லும். எனவே, மலையைக் குடையாது அதன் மடிப்புகளை ஒட்டியே வளைந்து போகலாம். வெட்ட வேண்டிய பாறை குறையும். தண்டவாளமும் பாலமும் எஞ்சினும் எடை குறைந்தனவாக அமையும். ஆகவே முதலீடும் குறையும். ஆள் குறைந்த மலைநாட்டில் வெள்ளிச் சுரங்கங்களை நாடிச் சென்ற பாதைக்கு இவையெல்லாம் பெருநலன்களாயின.

டென்வரிலிருந்து 1871இல் பாதையிடும் பணி தொடங்கிற்று. 1878இல் அலமோசாவும், 1880இல் ஆன்டனிட்டோவும் சாமாவும், 1881இல் டுராங்கோவும், 1882இல் சில்வர்டனும் பாதையால் இணைக்கப்பெற்றன. இடையிலுள்ள கம்பிரஸ் கணவாய் 10,015 அடி உயரமுடையது. கிழக்கே ஆன்டனிட்டோவிலிருந்து ஏறும் பாதை சுற்றிச் சுற்றி மெல்ல உயர்கின்றது. அப்பக்கத்தில் நூறடிக்கு ஏற்றம் ஒன்றரை அடியை எட்டுவதில்லை. மேற்கே சாமாவிலிருந்து ஏறும் 14 மைலிலோ நூறடிக்கு நான்கடி ஏற்றம். கிழக்கே ஓர் எஞ்சின் இழுத்த சுமையை மேற்கே இழுக்க மற்றுமோர் எஞ்சினின் துணை வேண்டியதாயிற்று. இவ்வொரு வேறுபாடே பிற்காலத்தில் ஆர்வலரைச் சாமாவை நோக்கி ஈர்த்தது என்பது பின்னர் விளங்கும்.

குறுகிய பாதையின் குறையும் அதன் அகலத்திலேயே இருந்தது. பொதுப் பாதையுடன் அது கூடுமிடத்தில் சரக்கு முழுவதையும் இறக்கி ஏற்ற நேர்ந்தது. தலைமைப் பாதைகள் 1890ஆம் ஆண்டளவில் பொது அளவிற்கு மாற்றப்பட்டன. 1893இல் வெள்ளியின் விலை வீழ்ந்தபோது சுரங்க ஊர்கள் பல நலிவுற்றன. மாற்றுதற்கும் பொருளின்றி, நிறுத்துதற்கும் துணிவின்றி எஞ்சிய மலைக்கிளைகள் பழைய அகலத்திலேயே நின்றன. ஆர்வலர் தேடிச் சென்ற பழமை, காக்கப்பட்ட பழமையன்று. மாற்ற வகையின்றி விடப்பட்ட பழமையே என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

3. சுற்றுலாவும் ஆர்வலர் உலாவும்

இம்மலைப்பாதைகளில் இன்பப் பயணம் புதிதன்று. 1884இல் முற்றுப்பெற்ற ஜார்ஜ்டவுன் வளையத்தில், பாதை தன்மீதே பாலமாகத் தாண்டிச் சென்று, இரண்டு மைல் தொலைவிற்குள் அறுநூறு அடிக்கு மேல் உயர்ந்தது. டென்வர் மக்கள் அதனைக் காணத் திரண்டு சென்றனர். மலைநாட்டைச் சுற்றி வரும் ஏறக்குறைய ஆயிரம் மைல் பயணம் ஒன்றை 'வட்டப் பயணம்' என்னும் கருத்துப்படும் பெயரால் ரியோ கிராண்டுக் குழுமம் விளம்பரம் செய்தது. வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் அக்குழுமத்திற்காக மலைக்காட்சிகளைப் படமெடுத்தார்.

எனினும், இவை ஆர்வலர் உலாக்கள் ஆகா. சுற்றுலாச் செல்வோன் வண்டியிலிருந்து மலையைப் பார்க்கின்றான். ஆர்வலன் மலையில் வண்டியைப் பார்க்கின்றான். முன்னவனுக்கு வண்டி கருவி. பின்னவனுக்கு அதுவே பொருள். இவ்வேறுபாடு தோன்றுதற்கு வண்டி அரிதாதல் வேண்டும். நாள்தோறும் காணப்படுவதை ஒருவரும் பொருள் கொடுத்துக் காண்பதில்லை.

அமெரிக்காவில் ஆர்வலர் சங்கம் ஒன்று சிறப்பு வண்டியை அமர்த்திச் சென்ற முதற்பயணம் 1934ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நிகழ்ந்தது எனக் கூறுவர். இங்கிலாந்தில் 1938இல் ஆர்வலர் சங்கம் ஒன்று பழைய எஞ்சின் பூட்டிய வண்டியில் இலண்டனிலிருந்து பீட்டர்பரோவிற்குச் சென்றது. அதே 1938இல் டென்வர் நகரில் ராக்கி மலை இருப்புப்பாதைச் சங்கம் தோன்றிற்று. இக்காலக் குறிப்பு பொருளுடையது. கொலராடோவின் சௌத் பார்க் பாதையில் பயணிவண்டி 1937இல் நின்றது. ஜார்ஜ்டவுன் வளையம் 1939இல் பிரித்தெடுக்கப்பட்டது. சாண்டா பே நகருக்குச் சென்ற கிளை 1941இல் கைவிடப்பட்டது. இழப்பின் நடுவே பிறந்தது அச்சங்கம்.

4. உலா நடந்த முறை

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே உலாக்கள் பெருகின. கோடைத் தொடக்கத்தில் வரும் நினைவுநாள் விடுமுறையை ஒட்டி, அலமோசாவிலிருந்து கம்பிரஸ் வழியாக டுராங்கோவிற்கும் சில்வர்டனுக்கும் சங்கத்தார் சிறப்பு வண்டிகளில் சென்றனர். அலமோசாவிற்கும் டுராங்கோவிற்கும் இடையே ஓடிய நாள்வண்டி 1951 ஜனவரி 31ஆம் நாளோடு நின்றுவிட்டது. அதன்பின் கம்பிரஸ் கணவாயைப் பயணியாகக் கடத்தற்குச் சங்கங்களின் உலாவே வழியாயிற்று.

வண்டியின் அமைப்பும் தனித்தன்மையுடையது. மூடிய பெட்டிகளோடு, சரக்கேற்றும் திறந்த பெட்டிகளும் இணைக்கப்படுவதுண்டு. கரித்துகளும் புகையும் மேலே விழினும், தடையின்றிக் காணவும் படமெடுக்கவும் இயலுமாதலின் ஆர்வலர் திறந்த பெட்டிகளையே விரும்பினர். ஒலிப்பதிவுக் கருவிகள் கைக்கு எட்டியபின், எஞ்சினின் ஓசையைப் பதிவு செய்தலும் இப்பயணங்களில் இடம்பெற்றது. இரு உருளைகளையுடைய நீராவி எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுழல, புகைபோக்கி நான்கு முறை அதிரும். இரண்டு எஞ்சின்கள் கூடி இழுக்கும்போது இவ்வதிர்வுகள் ஒருகால் இணைந்தும் ஒருகால் பிரிந்தும் ஒலிக்கும். எழுத்திலோ படத்திலோ அடங்காத இவ்வோசையையும் ஒரு சான்றாகக் கருதிய பெருமை ஆர்வலர்க்கு உரியது.

உலாவின் உயிர்நிலை, படத்திற்காக வண்டியை மீண்டும் ஓட்டிக் காட்டுதலாகும். நல்ல வளைவிலோ பாலத்தருகிலோ வண்டி நிற்கும். பயணிகள் இறங்கி ஒரு வரிசையில் நிற்பர். வண்டி பின்னோக்கிச் சென்று மறையும். பின்னர் முழு ஆற்றலோடு புகை கக்கி அவர்முன் விரைந்து சென்று, சற்றுத் தொலைவில் நின்று, மீண்டும் வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும். வரிசைக்கு முன்னே ஒருவரும் செல்லலாகாது என்பது எழுதாச் சட்டம். ஒருவர் முன்னே நின்றால் பலர் படம் பாழாகும்.

சாமாவிலிருந்து ஏறும்போது, லொபாட்டோ என்னும் உயர்ந்த பாலத்தின்மீது இரண்டு எஞ்சின்களின் எடை ஒருங்கே விழலாகாது. எனவே, இணைந்து வந்த எஞ்சின்களைப் பிரித்து ஒன்றை முதலில் அப்பால் அனுப்பி, மற்றொன்று வண்டியுடன் கடந்தபின் மீண்டும் இணைப்பர். ஆர்வலர்க்கு இதுவும் ஒரு காட்சி. பொறியாளர்க்கோ பாலத்தின் வலிமை விதித்த கட்டாயம்.

5. காத்தனவும் காவாதனவும்

உலாக்கள் பாதைகளைக் காத்தன எனப் பலர் கூறுவர். இக்கூற்று முழுவதும் உண்மையன்று. ரியோ கிராண்டு சதர்ன் என்னும் பாதையின் வரலாறு அதனை மறுக்கின்றது. ஆட்டோ மியர்ஸ் என்பவரால் 1890–91இல் ரிஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் இடப்பட்ட அப்பாதை, முடிந்த இரண்டாண்டிற்குள் வெள்ளி வீழ்ச்சியால் கடனில் மூழ்கியது. 1931 முதல், பழைய மோட்டார் வண்டிகளின் உடலையும் எஞ்சினையும் கொண்டு தன் பட்டறையிலேயே அமைத்த தண்டவாள மோட்டார்களை ஓட்டி அது செலவைச் சுருக்கிற்று. ஆடி அசைந்து சென்ற அவற்றை மக்கள் 'பாய்ந்தோடும் வாத்து' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அஞ்சல் சுமக்கும் ஒப்பந்தம் 1950இல் கைநழுவியபோது, வாத்துகள் சிலவற்றில் இருக்கைகளும் அகன்ற சாளரங்களும் அமைத்துச் சுற்றுலா நடத்தினர். ஆர்வலர் விரும்பிச் சென்றனர். ஆயினும் 1951இல் ஓட்டம் நின்றது. பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. ஆண்டில் சில திங்கள் வரும் பயணியின் கட்டணம், 162 மைல் மலைப்பாதையைச் செப்பனிடப் போதியதன்று.

கம்பிரஸ் பாதை பிழைத்தமைக்கு உடனடிக் காரணமும் உலா அன்று. பார்மிங்டன் பகுதியில் எண்ணெயும் எரிவளியும் கண்டபின், குழாய்களையும் பிற சாதனங்களையும் சுமந்த சரக்கு வண்டிகளே அதனை 1968 வரை இயங்கச் செய்தன. சில்வர்டன் கிளையோ காலையிற் சென்று மாலையில் மீளத்தக்க 45 மைல் பாதை. திரைப்படங்களும் அதனைப் புகழ்பெறச் செய்தன. ஆகவே அது சுற்றுலா வண்டியாகவே நிலைத்தது.

எனின், உலாக்களால் விளைந்த பயன் யாது? இரண்டினைக் கூறலாம். முதலாவது, பொருளைக் காத்தல். ரியோ கிராண்டு சதர்னின் 20ஆம் எண் எஞ்சினை ராக்கி மலைச் சங்கமே விலைக்கு வாங்கிற்று. 1959இல் கோல்டன் நகரில் ராபர்ட் ரிச்சர்ட்சனும் கொர்னீலியஸ் ஹாக்கும் நிறுவிய கொலராடோ இருப்புப்பாதை அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றது. சதர்ன் பாதையின் ஏழு வாத்துகளில் ஆறு இன்றும் உள்ளன. பாதை அழிந்தும் வண்டிகள் அழியாமை நோக்கத்தக்கது. இரண்டாவது, அறிந்தோரை ஆக்குதல். சரக்கு ஓட்டம் நின்று பாதையைப் பெயர்க்க இசைவும் கிடைத்த வேளையில், எப்பகுதி சிறந்தது, எவ்வெஞ்சின் நல்லது என்று சொல்ல வல்லோரும், அதற்காக வாதாட முன்வந்தோரும் இருந்தனர். கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய இரு மாநிலங்களும் 1970இல் ஆன்டனிட்டோ முதல் சாமா வரையுள்ள 64 மைல் பாதையை ஒன்பது எஞ்சின்களோடும் பெட்டிகளோடும் 5,47,120 டாலருக்கு வாங்கின. 1971இல் அது கம்பிரஸ் டால்டெக் பாதை என்னும் பெயரால் இயங்கத் தொடங்கிற்று. சாமாவிற்கு மேற்கே டுராங்கோ வரையிருந்த பாதை பெயர்க்கப்பட்டது. 1925இல் செய்யப்பெற்ற கே-36 வகை எஞ்சின்கள் பத்தில் ஒன்பது இன்றும் உள்ளன.

ஆகவே உலா பாதையைக் காக்கவில்லை. பாதையைக் காக்கத்தக்க மாந்தரை ஆக்கிற்று எனல் பொருந்தும்.

6. சான்றாகக் கொள்ளும் முறை

இனி நம் தலையாய வினாவிற்கு வருவோம். உலாக்களில் எடுக்கப்பெற்ற ஒளிப்படங்கள் மிகப் பல. அவற்றைக் கொண்டே இன்று பழைய பெட்டிகளைப் புதுப்பிக்கின்றனர். வண்ணத்தையும் எழுத்தமைதியையும் உறுதி செய்கின்றனர். எனினும், உலாப்படம் அன்றாட ஓட்டத்தின் படமன்று. படத்திற்காகவே வண்டி மீண்டும் ஓட்டப்பட்டது. புகையும் பெரும்பாலும் படத்திற்காகவே எழுப்பப்பட்டது. செவ்வையாக எரியும் தீயில் கரும்புகை மிகுதியன்று. கரும்புகை நிறைந்த படங்களையே கண்டவன், பழங்கால வண்டியெல்லாம் அவ்வாறே சென்றன என்று முடிபு செய்வானாயின் தவறுவான். அவ்வாறே, 1951க்குப் பின் கம்பிரஸ் ஏற்றத்தில் பயணிப் பெட்டிகள் செல்லும் படம் ஒன்று கிடைப்பின், நாள்வண்டி அப்போதும் ஓடியது எனக் கொள்ளலாகாது.

பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் சில்வர்டன் வண்டியின் பெட்டிகள் மஞ்சள் வண்ணம் பெற்றன. 1923இல் செய்யப்பெற்ற எஞ்சின்களுக்கு, முன்னைய நூற்றாண்டின் தோற்றம் வேண்டி, அகன்ற பொய்ப் புகைபோக்கிகள் பொருத்தப்பட்டன. அப்படங்கள் 1880ஆம் ஆண்டுகளைக் காட்டுவன அல்ல. 1880ஆம் ஆண்டுகளைப் பற்றி 1950ஆம் ஆண்டுகளில் இருந்த எண்ணத்தைக் காட்டுவன. பழம்பாடலில் பிற்காலத்தார் செருகிய சொல்லை ஒப்பது இது. செருகல் என்று அறிந்தபின் அதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், செருகியவன் காலத்துச் சுவையை அறிதற்கு அதுவே சான்றாதலின், காலம் குறித்துப் பேணுதலே தக்கது.

எனவே, உலாச் சான்றுகளை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். படம் எடுக்கப்பட்ட நாளில் வழக்கமான ஓட்டம் இருந்ததா? காணப்படும் வண்டியின் அமைப்பு சுமையின் தேவையால் அமைந்ததா, காட்சியின் தேவையால் அமைந்ததா? எஞ்சினிலும் பெட்டியிலும் உள்ள உறுப்புகள் தொடக்கத்திலிருந்தே உள்ளனவா, பின்னர்ச் சேர்ந்தனவா? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் அப்படம் நம்பத்தகும். விடை காணாதவழி அது அழகிய படமாகவே நிற்கும்.

7. முடிவு

சில்வர்டன் பாதை 1961இலும், கம்பிரஸ் டால்டெக் பாதை 2012இலும் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இவ்வாறு மதிக்கப்பட்டபின்னும் அவை மாறாது நிற்க இயலவில்லை. 2018 ஜூன் மாதத்தில் டுராங்கோவிற்கு வடக்கே மூண்ட காட்டுத்தீ, நிலக்கரி எஞ்சினின் தணலால் விளைந்தது எனக் கூறி நடுவண் அரசு வழக்குத் தொடுத்தது. 2022இல் இரண்டு கோடி டாலர் அளிக்க உடன்பாடாயிற்று. நிலக்கரி எஞ்சின்களை எண்ணெயால் எரிவனவாக மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. வறண்ட காட்டிடையே தணல் சிதறும் வண்டியை ஓட்டுதல், அதனைக் காணச் செல்வோரின் பெயராலும் நியாயமாகாது. ஆனால், எண்ணெய் எஞ்சினின் புகையும் ஓசையும் நிலக்கரி எஞ்சினுடையவற்றோடு முற்றும் ஒத்தல் அரிது. இனி அவ்வேறுபாட்டை உணர விழைவோர், உலாக்களில் எடுத்த படங்களையும் பதிந்த ஒலிகளையுமே நாட வேண்டும்.

அப்பதிவுகளைச் செய்தோருள் வரலாற்றுப் பயிற்சி பெற்றோர் சிலரேயாயினும், நாளையும் இடத்தையும் எஞ்சின் எண்ணையும் தவறாது குறித்து வைத்தோர் பலர். அக்குறிப்பு இருக்கும் வழி, அழகுக்காக அமைத்த காட்சியையும் உண்மைக்கு உதவச் செய்யலாம். குறிப்பில்லாத வழி, உண்மையான காட்சியும் பயன்படாது போகும். பதிவு செய்வோர் எத்துறையினராயினும் மேற்கொள்ளத்தக்க நெறி இதுவே என்பது நம் துணிபு.